புதுக் கணினியும் பழைய பாமினியும்

2012ஆம் ஆண்டு வாங்கிய எனது வீட்டுக் கணினி, தன் சேவைக்காலம் முடிவடைகிறது என்பதைச் சில மாதங்களாகவே அறிவித்துக்கொண்டிருந்தது. காற்றாடி இரைந்தது. திரை இடையிடையே நீலமாகி நின்றது. போதாக்குறைக்கு, அதில் இயங்கிய விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் மட்டும் வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஓராண்டு, 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று ஒரு சலுகை அறிவித்தார்கள். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அதன் நிபந்தனைகள் வேறு. டீபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். எனது கணினி மூன்றாம் தலைமுறை. எட்டாம் தலைமுறையினர் முன்னிலையில் அது எள்ளுத்தாத்தா!

புதியது வாங்குவதென்று முடிவாயிற்று. உடனே ஆலோசனைகள் குவிந்தன. கனடாவிலிருக்கும் என் மருமகன் தொலைபேசியில், "மெக் ஒண்டு வாங்குங்க மாமா, பத்து வருசத்துக்குக் கவலையில்ல" என்றார். ஊரிலுள்ள நண்பர்கள் மடிக்கணினி போதும் என்றனர். ஆசிரியரான அயலவர் ஒருவர், பழைய கணினியையே திருத்தித் தரக்கூடிய பையன் ஒருவனைத் தனக்குத் தெரியும் என்றார். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு, 200 ரூபா அளவிலிருந்த டொலர் ஓரிரு மாதங்களில் 350ஐத் தாண்டிய பின், இந்த நாட்டில் கணினி வாங்குவது சிறு காணித்துண்டு வாங்குவதற்கு ஒப்பான காரியமாகிவிட்டது. ஆகவே அவசரப்படாமல், என்னுடைய கோப்புகளை ஒரு பென்டிரைவில் இட்டுக்கொண்டு, காரைதீவிலிருந்து பஸ் ஏறிச் சாய்ந்தமருதைக் கடந்து கல்முனைக்குச் சென்றேன்.

கடையில் இருந்த இளைஞர் விடயமறிந்தவர். நான் வாய் திறப்பதற்கு முன்பே, "பாமினி ஓடுமான்னுதானே சேர் கேக்கப் போறீங்க?" என்றார்.

எப்படித் தெரியும் என்று வியந்தேன்.

"உங்கட வயசில வாற எல்லாரும் அதத்தான் முதல்ல கேக்கிற. ஓடும் சேர். நான் போட்டுத் தாறன்."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இரண்டு நிமிடத்தில் பாமினியைப் புதுக் கணினியில் நிறுவினார். என் பென்டிரைவிலிருந்த 1999ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றைத் திறந்தார். திரையில் பளிச்சென்று தமிழ் தெரிந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து, நேற்று எழுதியது போல! நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிதான் நம்மை இத்தனை காலமும் ஏமாற்றி வந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடைக்காரத் தம்பியிடம் ஒரு சிறு சோதனை செய்து காட்டுமாறு கேட்டேன். அந்தக் கோப்பில் "தமிழ்" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடச் சொன்னேன். விண்டோஸ் 11இல் உள்ள தமிழ் விசைப்பலகையில் அவர் "தமிழ்" என்று தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில்கூட இல்லை என்று கணினி பதிலளித்தது. கட்டுரையின் தலைப்பிலேயே தமிழ் இருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கணினிக்குத் தெரியவில்லை.

காரணம் எளிது. பாமினியில் "தமிழ்" என்று நாம் காண்பது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. ஜே என்ற ஆங்கில எழுத்துக்குரிய வடிவத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தகரத்தின் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கேயின் இடத்தில் மகரம். பியின் இடத்தில் இகரக் கொம்பு. எழுத்துரு இருக்கும்வரை படம் தெரியும். எழுத்துருவை நீக்கினால் உள்ளே இருப்பது பொருளற்ற ஆங்கிலம். நாம் தமிழில் எழுதவில்லை ஐயா! ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறோம்.

இதன் விளைவுகள் சில வேடிக்கையானவை. பாமினியில் உள்ள பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்துமாறு கணினியிடம் கொடுத்துப் பாருங்கள். யகரத்தில் தொடங்கும் பெயர்கள் முன்னே வரும். ககரத்தார் நகரத்தாருக்குப் பின்னால் நிற்பார்கள். ஏனெனில் பாமினியில் யகரம் ஆங்கில ஏ, நகரம் ஈ, ககரம் எஃப். தமிழின் நெடுங்கணக்கு ஆங்கில அரிச்சுவடிக்குக் கட்டுப்பட்டு நடக்கும். சில விளைவுகள் வேடிக்கையானவை அல்ல. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் கொண்டு நமது கட்டுரையைக் கேட்க முற்பட்டால், அது "ஜே, கே, பி, ஓ" என்று உளறும். தமிழ்ப் பத்திரிகையொன்றை அவர் தன் செவியால் வாசிக்கும் வாய்ப்பை, ஒரு சட்டமும் இல்லாமல், ஒரு தீர்மானமும் இல்லாமல் நாம் பறித்துவிட்டோம்.

பாமினியைத் தூற்றுவது என் நோக்கமன்று. நன்றி மறக்கலாகாது. பேராதனையில் கலைப் பட்டம் பெற்று நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கையால் எழுதித் தொலைநகலில் அனுப்புவதே வழக்கம். அம்பாறை மாவட்டச் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேரும்போது பாதி எழுத்துகள் கறுப்புக் கோடுகளாகியிருக்கும். பிறகு கணினி வந்தது. தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்களின் விரலுக்கு இசைவாக இருந்தது பாமினியின் விசையமைப்பு. மின்னஞ்சலில் அனுப்பினாலும் பெரும்பாலும் சிதையாது. ஆங்கில எழுத்தாக மாறுவேடம் பூண்டிருந்ததால் எல்லாச் சோதனைச் சாவடிகளையும் அது கடந்து சென்றது (அக்காலத்தில் நாங்கள் கடந்த சோதனைச் சாவடிகளில் எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை). யுத்தகாலத்தில் இலங்கைத் தமிழ் இதழியலைச் சுமந்தது பாமினியும் பேஜ்மேக்கரும் என்று சொன்னால் மிகையன்று.

ஆனால் அன்றைய தேவைக்கான தற்காலிகக் கொட்டிலை இன்றும் மாளிகை என்று நம்பிக் குடியிருப்பது என்ன நியாயம்?

வரலாற்றைச் சற்றே நினைவூட்ட வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி இலக்கம் வழங்கும் யுனிகோட் என்ற ஒருங்குறி 1991இல் முதற்பதிப்புக் கண்டபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது லதா என்ற எழுத்துருவுடன் தமிழ் கணினிக்குள்ளேயே வந்து சேர்ந்தது. எக்ஸ்பியில் அதைப் பெறுவதற்கு ஒரு கட்டத்தில் சரி அடையாளம் போட்டு, இறுவட்டைச் செருகி, கணினியை அணைத்து எழுப்பிய நாட்கள் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். எ-கலப்பை வந்தது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றி வந்தது. பாமினியில் எழுதியதை அதில் ஒட்டி ஒருங்குறியாக்கி வலையேற்றியவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், நானும் ஒருவன். 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில் தமிழ் வரியுரு நியமத்தை வெளியிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஒருங்குறி வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16 என்ற மாற்று முறையையும் அறிவித்தது. 2019இல் விண்டோஸ் 10லேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் வந்துவிட்டன. கையடக்கத் தொலைபேசியில் பத்து வயதுச் சிறுமி ஒருங்குறியில் அம்மம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அதற்குப் பெயர் ஒருங்குறி என்பதுகூட அவளுக்குத் தெரியாது. தெரியத் தேவையுமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, நான் புதுக் கணினி தேடி அலைந்த அதே வாரத்தில், ஒரு பத்திரிகை அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பதில் இது: "உங்கள் கட்டுரை கிடைத்தது. பாமினியில் மாற்றி அனுப்ப முடியுமா?"

அந்தப் பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லி ஒரு பயனும் இல்லை. வேறு இடங்களிலிருந்தும் இதே பதில் எனக்கு வந்திருக்கிறது. இதைவிட விசித்திரம், அச்சுக்காகப் பாமினிக்கு மாற்றிய அதே கட்டுரையை இணையத்தளத்துக்காக மறுபடியும் ஒருங்குறிக்கு மாற்றுகிறார்கள்! தமிழைத் தமிழாக வாங்கி, ஆங்கிலமாக்கி, மீண்டும் தமிழாக்கி, அந்தப் போக்குவரத்தில் ஏற்படும் சிதைவுகளை "எழுத்துப் பிழைகள்" என்று வாசகர் கடிதப் பகுதியில் ஏற்றுக்கொள்கிறார்கள். கட்டுரைக்குள் ஆங்கிலச் சொல் ஏதும் இருந்துவிட்டால் கதை இன்னும் மோசம். டி, எச், ஈ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சுட்டுச்சொல் மாற்றியில் அகப்பட்டால் "வாந" என்று வெளிவரும். பிரபல இணையத்தளங்களிலும் இத்தகைய "வாந"க்களை நான் கண்டிருக்கிறேன்.

இது பற்றிக் கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும்.

முதலாவது, "வடிவமைப்பாளர்களுக்கு இதுதான் பழக்கம்" என்பது. ஈயத்தில் எழுத்துக் கோத்தவர்களுக்கும் அதுதான் பழக்கமாக இருந்தது. கணினி வந்தபோது அவர்களுடைய பழக்கத்தை யாராவது மதித்தார்களா? ஒரே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று தொழிலாளியின் பழக்கத்தைத் தூக்கியெறிந்த நிர்வாகங்கள் இன்று பழக்கத்தைக் காரணம் காட்டுவது நகைப்புக்கிடமானது. அதுமட்டுமன்று, ஒருங்குறியில் எழுதுவதற்காக விரற்பழக்கத்தை மாற்ற வேண்டியதே இல்லை. பாமினியின் விசையமைப்பிலேயே ஒருங்குறியைத் தட்டச்சிடும் இலவச மென்பொருள்கள் பல ஆண்டுகளாக உள்ளன. மாற வேண்டியது விரலல்ல.

இரண்டாவது பதில், "ஒருங்குறியில் பக்கம் வடிவமைக்க முடியாது" என்பது. இது ஒருகாலத்தில் நியாயமான பதில். பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. அதற்குப் பதிலாக அடோபி கொண்டுவந்த இன்டிசைனிலும் ஆரம்பத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்தின் பின்னால் போய் விழுந்தது, உயிர்மெய்கள் உடைந்தன. பத்திரிகைகள் தயங்கியதில் தவறில்லை. ஆனால் 2012க்குப் பின் அந்தக் குறை படிப்படியாகச் சீர்செய்யப்பட்டுவிட்டது. அழகான எழுத்துரு இல்லை என்ற குறையும் இன்றில்லை. நோட்டோ, முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை என்று கூகிள் தொகுப்பில் மட்டுமே பல உள்ளன. தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இலவச எழுத்துருக்களை வெளியிட்டிருக்கிறது. காலாவதியான நியாயத்தை நியாயம் என்று சொல்லலாகாது.

மூன்றாவது பதில் பெரியவர்களிடமிருந்து வருவது. "ஒருங்குறியே தமிழுக்கு இழைக்கப்பட்ட அநீதி. இந்தியாவின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கி, மெய்யெழுத்துக்குத் தனியிடம் தராமல் விட்டுவிட்டார்கள்" என்று சொல்வார்கள். நானும் இக்கட்சியில் சில வருடங்கள் இருந்தவன்தான். மெய்யே முதன்மை, அகரம் ஏறியதே உயிர்மெய் என்பது இலக்கணம். ஒருங்குறியிலோ உயிர்மெய்யில் புள்ளி வைத்து மெய்யெழுத்தைப் பெறுகிறோம். உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆயினும், வீட்டின் வாசல் கிழக்குப் பார்க்கவில்லை என்பதற்காக மழையில் நிற்பவனை என்னவென்பது? அந்த விவாதத்தில் நாம் செலவிட்ட ஆண்டுகளில், நமது பத்திரிகைகளின் கால் நூற்றாண்டு எழுத்து ஆங்கிலக் குப்பையாக வன்தட்டுகளில் குவிந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று கருத்தரங்கு வைத்துக் குறைப்படுகிறோம். நாம் எழுதியதைத்தான் அது படிக்க வேண்டும். நாம் எழுதியதோ ஜே, கே, பி, ஓ.

அரச அலுவலகங்களைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் இக்கட்டுரை முடியாது. 1956இல் மறுக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழி என்று எழுதப்பட்ட நாட்டில், தமிழில் வெளியாகும் சுற்றறிக்கைகளையும் விண்ணப்பப் படிவங்களையும் திறந்து ஒரு வரியைப் பிரதி செய்து பாருங்கள். எத்தனை தடவை தமிழ் கிடைக்கிறது, எத்தனை தடவை குப்பை கிடைக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். சட்டத்தில் பெற்ற உரிமையைத் தட்டச்சில் தொலைப்பவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே. இதற்குச் சிங்களவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இனி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லவா விடவா என்று பல நாள் யோசித்தேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் நீளத்துக்கும், தமிழர் முஸ்லிம் என்ற பேதம் கடல் பார்க்கவில்லை. 2005ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் நான் முகாம் முகாமாகச் சென்று நாற்பத்து மூன்று பேரின் வாய்மொழியைப் பதிவு செய்தேன். நேர்காணல் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பேசினார்கள், நான் எழுதினேன். எங்கள் வீட்டுக் கணினியும் வெள்ளத்தில் போயிருந்தது. ஆகவே, அச்சகம் ஒன்றின் கணினியில், அவர்கள் அனுமதித்த இரவு நேரங்களில், அவற்றைத் தட்டச்சிட்டேன். அங்கே பாமினி இல்லை. அவர்கள் தங்களுக்கென்றே திருத்திச் செய்துகொண்ட ஓர் எழுத்துரு இருந்தது. அக்காலத்தில் பல அச்சகங்களில் இது சாதாரணம். அடுத்த அச்சகத்துக்கு வேலை போய்விடக் கூடாதல்லவா?

முப்பத்தாறு வாக்குமூலங்கள் தொடராக அச்சில் வெளிவந்தன. ஏழு வெளிவரவில்லை. இடமில்லை என்றார்கள்; பிறகு நாட்டில் வேறு செய்திகள் வந்தன. கோப்புகள் இருந்த நெகிழ்தட்டுகளும் ஓர் இறுவட்டும் என்னிடம் இருந்தன. கடலோரத்து உப்புக்காற்றில் அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அச்சகம் சில வருடங்களில் மூடப்பட்டது.

இந்தப் புதுக் கணினிப் படலத்தில் பழைய மின்னஞ்சல்களைத் துருவியபோது, அந்த ஏழையும் 2005இல் இலண்டனிலிருந்த நண்பருக்கு நிதி சேகரிப்புக்காக அனுப்பியிருந்தது அகப்பட்டது. எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. எழுத்துரு இல்லையென்றாலும், அச்சில் வந்தவற்றின் தொடக்க வரிகள் சில அதே மின்னஞ்சலில் இருந்தன. அச்சுப்பிரதியைப் பக்கத்தில் வைத்து, எந்த ஆங்கிலக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஓர் அட்டவணை தயாரித்தேன். இரண்டு வாரம் பிடித்தது. கல்வெட்டுப் படிப்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன் என்று மனைவி கேலி செய்தாள்.

ஆனால் அந்த எழுத்துருவில் கணிசமான உயிர்மெய்கள், ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட மேல்வரிசை இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. மின்னஞ்சல் வழியில் எங்கோ ஒரு நிலையத்தில், தனக்குப் புரியாத அந்தக் குறிகள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு கணினி கேள்விக்குறிகளாக மாற்றிவிட்டது. எழுத்துரு தொலைந்தால் கண்டுபிடிக்கலாம். கேள்விக்குறியானதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் கேள்விக்குறியும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு தாய் தன் மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்கிறாள். இரண்டு பெயர்களை ஊகித்துக்கொண்டேன். மூன்றாவது பெயர் நான்கு எழுத்து. அதில் மூன்று கேள்விக்குறி. அந்தத் தாயும் இப்போது இல்லை. அவருடைய உறவினர்கள் முகாமிலிருந்து எங்கே குடியேறினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அதே 1892இல்தான் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அதன் அரங்கேற்று காதையைத் துணைக்கொண்டு, அழிந்தொழிந்த யாழ்க் கருவியின் இலக்கணத்தை விபுலாநந்தர் மீட்டெடுத்தார். யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. கரையானும் நீரும் நெருப்பும் தின்றது போக எஞ்சிய ஏடுகள் அவை. ஆயினும் எஞ்சியதை எழுத்தறிந்த எவரும் வாசிக்க முடிந்தது. பழைய ஏட்டை வாசிக்க இன்ன எழுத்தாணிதான் வேண்டும், இன்ன ஊர் ஓலைதான் வேண்டும் என்று யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. விபுலாநந்தர் 1936இல் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்துக்குத் தமிழில் சொல் தேடியவர். அவருடைய ஊர்க்காரனான நான், 2005இல் தட்டச்சிட்டதை வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, கடைசியில் என்ன கணினி வாங்கினாய் என்று கேட்பீர்கள். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. நடுத்தர விலையில், 16 ஜிபி நினைவகம், திடநிலை வன்தட்டு கொண்ட மேசைக்கணினி. மடிக்கணினியின் விசைப்பலகை என் விரலுக்கு ஒவ்வாது. மருமகனின் மெக் ஆலோசனையை ஏற்கவில்லை. அப்பிள் நிறுவனம் 2019இலேயே 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் ஒரே அடியாக நிறுத்தியது. பழைய சாமான்களுடன் வாழும் என்னைப் போன்றவனுக்கு அந்த வீடு சரிவராது. விண்டோஸ் பொறுமைசாலி. என்றாலும் அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு: தொண்ணூறுகளின் 16 பிட் மென்பொருள்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் இயங்கா. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். சிலருடைய விண்டோஸ் 11இல் அது ஓடுகிறது, சிலருடையதில் ஓடவில்லை.

கடைக்காரத் தம்பி, தான் வைத்திருந்த மென்பொருள்களை எல்லாம் "சும்மா போட்டுத் தாறன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். நமது எழுத்தைத் திருடினால் பதிப்புரிமை பேசுகிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் அதே உரிமையைத் தருகிறது. அதற்குப் பதிலாக லிப்ரே ஓபிஸை இறக்கிக்கொண்டேன். இலவசம். 2015இல் வந்த அதன் 4.4ஆம் பதிப்பிலிருந்து, பேஜ்மேக்கர் கோப்புகளையும் அது திறக்கிறது. அடோபியின் இன்டிசைனே சிஎஸ்6க்குப் பிறகு தன் சொந்தப் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதைக் கைவிட்டிருக்கையில், ஊர்பேர் தெரியாத தன்னார்வலர்கள் நமக்காக அதைச் செய்திருக்கிறார்கள். பக்கம் அச்சொட்டாக வராது, படங்கள் இடம்மாறும். உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்து மாற்றியில் போட அது போதும்.

பழைய கணினியை எறியவில்லை. இணையத் தொடர்பைத் துண்டித்து, மூலையில் வைத்திருக்கிறேன். 1996 முதல் 2009 வரை நான் எழுதியவற்றை அதில் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபார்த்துப் புதியதில் சேர்க்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு கட்டுரை என்றால் அதிகம். மாற்றியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறிவிட்டால் கெட்டது கேட்டது ஆகிவிடும். மாற்றியவற்றின் ஒரு பிரதி மகளிடம், ஒரு பிரதி வன்தட்டில்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு எனது வேண்டுகோள் ஒன்றுதான். புதுக் கணினி வாங்கும்போது "பாமினி ஓடுமா" என்று கேட்காதீர்கள். ஓடும், இன்னும் இருபது வருடமும் ஓடக்கூடும். "பாமினி இல்லாவிட்டால் எங்களுடைய எழுத்து இருக்குமா" என்று கேளுங்கள். கட்டுரையாளர்களிடமிருந்து ஒருங்குறியில் வாங்கி, ஒருங்குறியிலேயே அச்சுக்கு அனுப்புங்கள். உங்கள் அலுவலகத்துப் பழைய வன்தட்டுகளை இரும்புக்குப் போடுவதற்கு முன்னர், உள்ளே இருப்பதை மாற்றிச் சேமிக்க ஓர் இளைஞரை ஆறு மாதத்துக்கு நியமியுங்கள். அச்சுப் பிரதிகளை 2005 முதல் நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்தி வருகிறது, அது நம் பாக்கியம்; ஆனால் நீங்களே தட்டச்சிட்ட எழுத்தை மறுபடி படம்பிடித்து, அதிலிருந்து இயந்திரம் எழுத்தை ஊகிக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. நான் அனுப்பும் கட்டுரையைப் பாமினிக்கு மாற்றித் தரும் வேலையை இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அதனால் ஒரு பத்தி நின்றுபோகும் என்றால், நின்றுபோகட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2005இல் கல்முனைப் பகுதி அச்சகங்களில் கணினித் தட்டச்சராகவோ வடிவமைப்பாளராகவோ பணிபுரிந்து, இப்போது உள்ளூரிலோ, மத்திய கிழக்கிலோ, கனடா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலோ இருப்பவர்கள் இதை வாசிக்கக்கூடும். அந்த வருடத்து வேலைகளைப் பதிந்த இறுவட்டுகள், வன்தட்டுகள் எதையும் எறியாமல் வைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எழுத்துரு வேண்டியதில்லை, அட்டவணை என்னிடம் இருக்கிறது. கேள்விக்குறி விழாத மூலக்கோப்பு இருந்தால் போதும்.